பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் போனவர்

அவர் எந்தப் பொருளையும் முதலில் பின்பக்கமாகத்தான் பார்ப்பார். புது டிவி வாங்கிய வீட்டில் எல்லோரும் முன்னால் உட்கார்ந்து படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் சுவருக்கும் டிவிக்கும் நடுவே தலையைக் கொடுத்து ஒயர் எங்கே போகிறது என்று பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் போய், சீரியல் லைட் ஜாயின்ட்டுகளுக்கு ஒழுங்காக டேப் சுற்றியிருக்கிறார்களா என்று சோதிப்பார். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாண ஆல்பத்தில் மூன்று படங்களில் அவர் இருக்கிறார். மாலையோடு நிற்கிற மாப்பிள்ளையின் தோளுக்கு மேல் ஒரு தலை மட்டும், அதுவும் மேலே எதையோ அண்ணாந்து பார்த்தபடி.

கட்டுமாவடியில் படகுகளுக்கு ஒயரிங் பார்க்கிற மெக்கானிக் அவர். படகு விளக்கு, பேட்டரி, ஆழம் காட்டுகிற மிஷின் எல்லாம் அவர் கைதான். நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ரேஷன் கார்டுக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்தியதில்லை. ஊருக்கு அவர் 'பயம்'. "பயத்தக் கூப்புடு", "பயம் வந்துட்டுப் போயிருச்சா" என்றுதான் பேச்சு. அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். கடலுக்குப் போகிற ஆண்கள் நிறைந்த ஊரில் ஒரு ஆள் கொஞ்சமும் கூசாமல் நாலு பேர் முன்னால், "எனக்குப் பயமா இருக்குங்க" என்று சொன்னால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் கேலி செய்கிற அந்தப் படகுக்காரர்கள் பேட்டரி வேலைக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கை என்றால் தப்பிக்க வழி உண்டு என்பது அவர் கணக்கு. அது பழகிப்போய், சும்மா நின்று பேசும்போதும் அந்தக் கை தானாகப் பின்னால் போய்விடும். கோயிலில் ஒற்றைக் கையை நீட்டிப் பிரசாதம் வாங்கப்போய், "ரெண்டு கையையும் நீட்டுப்பா" என்று பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவரைத் தெரியாதவர்கள் ஏதோ திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். வேலைக்கு முன்னால் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிற, தண்ணீர் படாத ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து மாட்டுவார். இதற்கே கால் மணி நேரம் ஆகும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு உடம்பெல்லாம் பரபரக்கும்.

எனக்கு அந்தப் பரபரப்பு கொஞ்சம் அதிகம். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டில் பிறந்து, குவைத்தில் எட்டு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு, மனைவி ஊரான கட்டுமாவடிக்கு வந்து சேர்ந்தவன் நான். கடலில் உப்பு இருக்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. மீன் தெரிந்தவள் என் மனைவி வசந்திதான். அவளை நம்பித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மீன் கடை போடத் துணிந்தேன்.

அவருடைய பயத்துக்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தம்பி கரண்ட் அடித்துச் செத்தார் என்பார்கள். இல்லை, பெரிய ஊரில் வேலை பார்த்தபோது கண்ணெதிரே ஒருவன் கருகினான் என்பார்கள். ஒரு நாள் டீக்கடையில் நானே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, ஒங்களுக்கு எப்பவாச்சும் பலமா அடிச்சிருக்கா?"

"இல்லைங்க."

"வீட்டுல யாருக்காச்சும்?"

"யாருக்கும் ஒண்ணும் நடக்கலைங்க தம்பி. ஏன், நடந்தாத்தான் பயப்படணுமா?"

டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வசந்தியின் சித்தி மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது அவர் செய்த காரியத்தை அந்த வீட்டில் இன்னும் மறக்கவில்லை. கூடம் நிறையப் பெண்கள். இரும்பு உடம்புள்ள ஒரு ஏர் கூலரை வாடகைக்கு எடுத்து ஓடவிட்டிருந்தார்கள். அது கீழே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சாப்பிட வந்த மனிதர் நேராக அதன் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வெக்கையில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. பெண்ணின் தாய்மாமன் சண்டைக்கு வந்துவிட்டார்.

"நீ வந்து புடுங்கலைன்னா நாங்கள்லாம் செத்தா போயிருவோம்?"

"தெரியலைங்க. அதாங்க பயமா இருக்கு."

பந்தி முடிகிற வரைக்கும் யாரும் மறுபடி மாட்டிவிடாதபடி அந்தக் கூலர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இலையைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் பிடுங்கியதால் நடக்கவில்லையா, பிடுங்காமல் இருந்தாலும் நடந்திருக்காதா என்று யாரால் சொல்ல முடியும்? அவர் பிழைப்பே அப்படித்தான். வேலை சரியாக நடந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது. மிச்சமிருப்பது சுற்றியிருந்தவர்களின் எரிச்சல் மட்டும்தான்.

என் எரிச்சலின் கதைக்கு வருகிறேன்.

கடையைத் தகரக் கொட்டகையாகப் போட்டிருந்தேன். இரும்புக் குழாய்க் கால்கள், சிமெண்ட் தரை, ஓரமாக மீன் வைக்க ஒரு பெரிய ஃபிரீசர். சாலையில் கார்கள் பறந்துகொண்டிருக்கும், ஒன்றும் நிற்காது. ஓடுகிற எழுத்துப் போர்டு ஒன்று இருந்தால் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. புதுக்கோட்டையில் மூடிவிட்ட ஒரு நகைக் கடன் கடையில் பழைய எல்இடி போர்டு கிடைத்தது. ஆறடி நீளம், இரும்புச் சட்டம், ஆறு பலகைகளை ஒட்டிச் சேர்த்தது. பின்னாலிருந்து சிவப்பும் கருப்புமாக இரண்டு ஒயர் தொங்கியது. "கரண்ட் பொட்டிய வேற ஆளு கழட்டிட்டுப் போயிட்டாரு. மத்தபடி நல்ல போர்டுங்க, கரண்ட் குடுத்தா ஓடும்" என்றார் விற்றவர். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அது புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பு. மீன் வெட்டுகிற இடத்துக்கு முன்னால், கை எட்டுகிற உயரத்தில், இரண்டு குழாய்களுக்கு நடுவே போர்டைத் தொங்கவிட்டேன். சிவப்பு கரண்ட் வருகிற பேஸ், கருப்பு அது திரும்பிப் போகிற நியூட்ரல். வீட்டு ஒயரிங்கில் அதுதானே முறை. கொட்டகை ஒயரிங்கை முழுவதும் நானே போட்டவன், எனக்கா தெரியாது? அவரைக் கூப்பிட்டது போர்டை ஆடாமல் இறுக்கிக் கட்டத்தான்.

வந்தார். பின்பக்கம் போனார். வெகுநேரம் ஆளைக் காணோம்.

"தம்பி, இதுக்கு எவ்வளவு குடுக்கணும்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"கரண்ட் குடுத்தா ஓடும்னாங்கண்ணே."

"எந்தக் கரண்டுங்க?"

எந்தக் கரண்டு என்று ஒரு கேள்வி இருக்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்தில் நின்ற என் மச்சான், வசந்தியின் தம்பி, உலக விஷயம் தெரிந்தவன் மாதிரி, "எல்லா எல்இடியும் பன்னெண்டு வோல்ட்டுதாண்ணே. ஒங்க படகு பேட்டரியவே குடுத்துப் பாருங்களேன்" என்றான்.

"எங்கிட்ட இருக்குங்கறதுக்காக அதையே குடுத்துற முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டு, எதையும் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை வந்து பின்பக்கம் பார்த்தார், போனார். வியாழக்கிழமை காலையில் வந்து ஒரு பலகையை மட்டும் கழற்றினார். ஒயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஏதோ எழுத்து. செல்போனில் படம் எடுத்து, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார். பச்சைப் பலகையில் வெள்ளையாக 5 என்றும் பக்கத்தில் V என்றும் இருந்தது. அதை எனக்குக் காட்டினார், வசந்திக்குக் காட்டினார், டீக்கடைக்காரரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அஞ்சுங்க. வெறும் அஞ்சு வோல்ட்டு. பன்னெண்டு குடுத்திருந்தா அவிஞ்சிருக்கும்."

அப்போதும் அவருக்குப் போதவில்லை. எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை டார்ச் லைட் பேட்டரிக் கட்டை மூன்றை வாங்கிவந்து, பிளந்த பைப்புத் துண்டு ஒன்றில் வரிசையாக வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினார். மூன்றும் சேர்ந்தால் நாலரை வோல்ட் வரும், அதற்கு மேல் போகாது, தப்பாகவே இருந்தாலும் யாரையும் ஒன்றும் செய்யாது என்றார். சிவப்பை ஒரு முனையிலும் கருப்பை மறுமுனையிலும் வைத்தார். ஒரு பலகை மட்டும் மங்கலாகக் கண் விழித்தது. அதில் ஊர்ந்து வந்தது 'தங்க ந' என்று நாலு எழுத்து. பிறகு 'கைக்கு'. அப்புறம் 'உடன'.

"தங்க நகைக்கு உடனடிக் கடன்" என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வசந்தி சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். மனிதர் சிரித்தால் நன்றாகத்தான் இருப்பார். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் வந்தது உண்மை. அது ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"சரிண்ணே. நல்லா இருக்குல்ல, மாட்டிருவோம்."

"இருங்க தம்பி. வோல்ட்டு நாம தள்ளுறது. அது சரியா அஞ்சாத்தான் இருக்கணும். ஆம்பியரு அது தேவைக்கு இழுத்துக்கறது. ஒரு பலகை நாலு ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். ஆறு பலகைக்கு இருவத்தி நாலு. தாராளமா நாப்பது குடுக்கற பொட்டியாப் போடணும். இல்லைன்னா பொட்டி சூடேறித் தீப்புடிக்கும். அந்தப் பொட்டி வீட்டு கரண்ட்ட வாங்குறது, அதனால இங்கிட்டு வைக்கக் கூடாது, அங்கிட்டுக் காஞ்ச செவுத்துல ஒசரமா வைக்கணும். எர்த் கெடையாது, குழி போடணும். அப்புறம் கசிஞ்சா அணைக்கற டிரிப் சுவிட்சு. இதெல்லாம் இங்க கெடைக்காது. நாளைக்குப் புதுக்கோட்டை போயிட்டு வாரேன்."

"நாளான்னைக்குக் கடை திறப்புண்ணே."

"தெரியுங்க." வசந்தியின் காலைப் பார்த்தார். செருப்புப் போட்டால் வழுக்குகிறது என்று அவள் எப்போதும் வெறுங்காலோடுதான் ஐஸ் தண்ணீரில் நிற்பாள். "தரையப் பாத்தா எனக்குப் பயமா இருக்குங்க. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

என் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் மச்சான் வந்தான். "ரெண்டு ஒயரு இருக்கு, ஒரு பிளக்கு இருக்கு. இதுக்குப் போயி மூணு நாளா மச்சான்?" என்றான். அவன் கேட்கவில்லை என்றாலும் நான் செய்திருப்பேன், பழியை அவன் மேல் போட மாட்டேன். டார்ச் கட்டையிலேயே எரிகிற போர்டு கரண்ட்டில் எரியாதா என்றுதான் என் புத்தி போனது. பிளக்கை எடுத்தேன். சிவப்பை வலது பக்கம், கருப்பை இடது பக்கம், முறைப்படி முறுக்கினேன். போர்டு ஆடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் புடிச்சுக்க" என்றேன். வசந்தி இரண்டு கையாலும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சுவிட்சைப் போட்டேன்.

எரியவில்லை.

அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். அப்புறம்தான், திறப்புக்காக மீனும் இறாலும் வாங்கிப் போட்டிருந்த ஃபிரீசரில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன். சனிக்கிழமைதானே, பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால், எதிர் டீக்கடையில் ஃபேன் சுற்றுகிறது. வெளிச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தேன். பியூஸ் கட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"பயம்தாங்க விடியக்கால வந்து என்னமோ புடுங்கிட்டுப் போச்சு" என்றார் டீக்கடைக்காரர். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "பில்லு கட்டலயா தம்பி? பீஸப் புடுங்கிட்டாங்களா?" என்றார். கரண்ட் பில் கட்டாதவன் கடையில்தான் பீஸைப் பிடுங்குவார்கள். திறக்கும் முன்னாலேயே என் கடைக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. போன் போட்டேன். "பஸ்ஸுல இருக்கேங்க, வந்துர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஒரு கம்பியச் சுத்தி நேராக் குடுத்துருவோம் மச்சான்" என்றான் வசந்தியின் தம்பி. நான் கம்பி தேடப் போனேன். வசந்திதான் மறித்தாள்.

"அண்ணே எடுத்துட்டுப் போயிருந்தா எதாச்சும் காரணம் இருக்கும். இருங்க. ஐஸு வாங்கிட்டு வாங்க, மீன நான் பாத்துக்கறேன்."

ஐஸ் கம்பெனிக்கும் கடைக்குமாக அன்று நான் எத்தனை தடவை போய் வந்தேன் என்று தெரியாது. உடைத்துக் கொட்டக் கொட்ட உருகியது. மதியத்துக்கு மேல் இறால் தலை கருக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கூடையாக மோந்து பார்த்து வசந்தி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வருகிற பஸ்ஸை எதிர்பார்த்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கனமான பை. தேடிப் போனது கிடைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. கடைக்குள் வரவிடாமல் சாலையோரத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

"யாரக் கேட்டு ஏங்கடைப் பீஸப் புடுங்குனீங்க? பில்லு கட்டாதவன்னு ஊரே பேசுது. எறாலு அம்புட்டும் கருத்துப் போச்சு. ஒங்களுக்குப் பயமா இருந்தா ஒங்க வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு ஒக்காருங்க. ஆம்பளையா நீங்க?"

கடைசியில் சொன்னதை நான் அடுக்கி வைத்திருக்கவில்லை. அது தானாக வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

"தப்புதாங்க தம்பி" என்றார். "ஃபிரீசருக்குள்ள மீனு இருக்கறத நான் நெனைக்கவே இல்ல. நேத்து ஒங்க மூஞ்சியப் பாத்தேன், பொறுக்க மாட்டீங்கன்னு தோணிருச்சு. பயத்துல எடுத்துட்டேன்."

சட்டைப் பையிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்தார். பறிக்கப் போனேன். விடவில்லை. "ஒரு நிமிசங்க. பின்னால பாத்துட்டுத் தாரேன்."

பின்னால் போனவர் அப்படியே நின்றார். பிளக் மாட்டியபடி இருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது. காலையில் கோபத்தில் நான் அதை அணைக்கவே இல்லை. எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்தபடி, ஐஸ் தண்ணீரில் வெறுங்காலோடு, ஒரு கையைப் போர்டின் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு வசந்தி நின்றிருந்தாள்.

"ஆத்தா, கைய எடுங்க" என்றார். சத்தம் போடவில்லை. அவள் எடுத்தாள். அவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு தானே போய் மீட்டர் பெட்டியில் கட்டையைச் சொருகினார். ஃபிரீசர் உறுமத் தொடங்கியது. கூட்டம் கலையாமல் நின்றது. அவர் சுவிட்சை மட்டும் போட்டு, டெஸ்டரை எடுத்து, நான் ஒயரிங் செய்த அந்தப் பிளக் பாயின்ட்டின் வலது ஓட்டையில் வைத்தார். எரியவில்லை. இடது ஓட்டையில் வைத்தார். எரிந்தது.

வலது பக்கம் வர வேண்டிய பேஸை நான் இடது பக்கம் கொடுத்திருக்கிறேன். கருப்பு ஒயரை இடது பக்கம்தான் முறுக்கியிருந்தேன். அவர் அந்தக் கருப்பு ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போர்டின் பின்பக்கமாகப் போனார். அது உள்ளே பிரிந்து, ஒரு கிளையை வசந்தி பிடித்திருந்த அந்த இரும்புச் சட்டத்திலேயே ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த ஸ்குரூவின் மேல் டெஸ்டர் நுனியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று நாளாக என் கடையில் தொங்கிய அந்தப் போர்டின் பின்பக்கத்தை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "காலையில சுவிட்சுப் போட்டப்ப இவுங்க எங்கிட்டு நின்னாங்க?" என்று கேட்டார்.

நான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"போர்டப் புடிச்சுட்டு நின்னாங்களா?"

தலையை ஆட்டினேன். அவர் மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வசந்தி பதறிப்போய் வந்தாள். "என்னண்ணே, தலை சுத்துதா? தண்ணி தரவா?"

"ஒண்ணுமில்லைங்க ஆத்தா. பஸ்ஸுல வந்த அலுப்பு."

"என்னா பயம், ஊரு எறால நாறடிச்சுட்டு ஒக்காந்துட்ட?" என்றார் கூட்டத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து, "ஆமாங்க. தப்புப் பண்ணிட்டேன்" என்றார். அப்போது நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பிளக்கைத் தூக்கிக் காட்டியிருந்தால்கூடப் போதும். ஆம்பளையா என்று கேட்ட வாய் திறக்கவில்லை.

அன்றே வேலையை முடித்தார். எர்த் குழி போட்டு உப்பும் கரியும் நிரப்பினார். டிரிப் சுவிட்ச் வைத்தார். கொட்டகையின் காய்ந்த பக்கத்தில் உயரமாகப் பவர் பெட்டியை மாட்டி, அங்கிருந்து தடித்த ஒயரில் வெறும் ஐந்து வோல்ட்டை மட்டும் போர்டுக்குக் கொண்டுவந்தார். என்னோடு வேலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தபோது போர்டு ஓடியது. எழுத்தை மாற்றத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. ஒரு வாரம் மீன் கடை வாசலில் 'தங்க நகைக்கு உடனடிக் கடன்' என்றே ஓடியது. கார்கள் நின்றன. இறங்கி வந்து சிரித்துவிட்டு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை வருவார். டிரிப் சுவிட்சில் இருக்கிற சின்ன டெஸ்ட் பொத்தானை அமுக்குவார். மொத்தக் கடையும் அணையும். மறுபடி போடுவார், போவார். "எறாலு கருத்துறப் போவுதுண்ணே" என்று வசந்தி ஒவ்வொரு தடவையும் கேலி செய்வாள். ஊரில் அந்தக் கதை வளர்ந்துகொண்டே போனது. கெட்டுப்போன இறால் கூடை இரண்டு, நாலாகி, ஒரு படகு இறால் ஆயிற்று. கதையை எனக்கு முன்னால் சொல்வார்கள், அவருக்கு முன்னாலும் சொல்வார்கள். நான் சிரிப்பேன். நான் சிரிப்பதை அவர் பார்ப்பார். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் வந்து நின்றாலே என்னால் உட்கார முடியாது, எழுந்து ஏதாவது ஒரு வேலையாகப் பின்பக்கம் போய்விடுவேன்.

போன வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். துக்க வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து படகுக்காரர்கள் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கூலர் கதை வந்தது. ஆல்பத்தில் தலை விழுந்த கதை வந்தது. அப்புறம் பீஸ் கட்டைக் கதை. வசந்தியே சொன்னாள், பெண்கள் நடுவில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் போர்டப் புடிச்சுட்டு நிக்கிறேன், இவரு சுவிட்சப் போட்டுப் போட்டுப் பாக்குறாரு, அண்ணே கட்டையைப் பையில போட்டுக்கிட்டுப் பஸ்ஸுல போகுது" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

திரும்பும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த வசந்தியிடம் சொன்னேன். இடது ஓட்டை, கருப்பு ஒயர், ஸ்குரூ, எல்லாவற்றையும் சொன்னேன். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சொல்ல முடிந்தது. சவுக்குத் தோப்பு தாண்டும்போது என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"நாலு பேரு முன்னால ஒங்கள விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான் அண்ணே சொல்லல" என்றாள். "நீங்க ஏன் சொல்லல?"

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. வண்டியை அணைத்து, உருட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன்.